மூச்சும் உயிரும்

சிவமயம்



எமது இரத்மலானை வட்டத்திலே ஞாயிறுதோறும் நடைபெறும் சித்தாந்த வகுப்பிற்கு வருகின்ற அன்பர் ஒருவர், சென்ற மார்கழி மாதத்திலே, வகுப்பு முடிந்தபின்னர் ஒரு வினா வினவினார். அவருடைய தாயார் மூளையில் இரத்தக் குழாய் வெடித்தமையால் வைத்தியசாலையொன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே நினைவின்றிக் கிடந்தார். சுவாச யந்திரம் அவருடைய மார்பை ஏற்றியும் இறக்கியும் மூச்சை நடத்திற்று. "ஐயா, அம்மாவின் காதிலே சிவபுராணம் ஓதலாமோ? எங்கள் வீட்டிலே அது போகின்ற உயிருக்கு ஓதுவது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓதினால், அம்மாவைப் போ என்று நானே சொன்னதாகாதோ? ஓதாது விட்டு, அம்மா முன்னமே போய்விட்டிருந்தால், கடைசிக் கடனைச் செய்யாதவன் ஆகேனோ?" என்பது அவர் வினா.

அன்று யாம் அவருடன் வைத்தியசாலைக்குச் சென்று நின்றதன்றித் தக்க விடை கூறினேமல்லேம். பின்னர், வைத்தியம் அறிந்தாரையும் சாத்திரம் வல்லாரையும் அடுத்துக் கேட்டும், நூல்களை நோக்கியும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம். இவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று. இன்றைக்கோ நாளைக்கோ நம்மில் ஒவ்வொரு குடும்பத்தாரும் அக்கட்டிலின் பக்கத்திலே நிற்றல் கூடும். அப்பொழுது ஆராய்தற்கு அவகாசம் இராது. ஆதலால், மனம் அமைதியாயிருக்கும் இக்காலத்திலேயே இதனை ஆராய்ந்து வைத்தல் நன்றாம்.

பழைய குறிகள்

நம் முன்னோர் ஒருவர் இறந்தாரென்பதை எவ்வாறு அறிந்தனர்? மூக்கின் முன்னே பஞ்சை வைத்துப் பார்த்தனர். கைநாடியைப் பிடித்துப் பார்த்தனர். பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தனர். மூச்சு, நாடி, அறிவு என்னும் மூன்றும் ஒழிந்தன எனக் கண்டபோது உயிர் நீங்கிற்றெனத் துணிந்தனர். இம்மூன்றனுள் ஒன்று ஒழிந்தால் ஏனைய இரண்டும் சில நிமிடங்களுள் ஒழிந்துவிடும். மூச்சு நின்றால் இரத்தத்திலே பிராணவாயு குறைந்து இதயம் நிற்கும். இதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் செல்லாது மூளை மடியும். மூளையின் அடித்தண்டு மடிந்தால் மூச்சை ஏவுதற்குரிய நிலையம் மடிந்தமையால் மூச்சு நிற்கும். இங்ஙனம் மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்றலின், ஒரு குறியைக் கண்டு மற்றையவற்றையும் கருதிக்கொள்ளுதல் பிழையின்றி நடந்து வந்தது.

உயிர் கண்ணாற் காணப்படும் பொருளன்று. அது நீங்கியதும் கண்ணாற் காணப்படுவதன்று. ஆதலால், மரணத்தை எவரும் காட்சியளவையால் அறிந்தாரல்லர். குறிகளைக்கொண்டு அனுமான அளவையாலேயே அறிந்தனர். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவதுபோல, மூச்சைக் கண்டு உயிர் உண்டென்று துணிந்தனர். ஆயின், நீராவியைப் புகையென்று மயங்குவோனுக்கு அனுமானம் பிழைபடும். நீராவியைப் போல, மூச்சைத் தோற்றுவிக்கும் கருவியொன்று உலகத்திலே வந்தபொழுது, நெடுங்காலம் பிழையாதிருந்த குறி பிழைபடத் தொடங்கிற்று.

யந்திரம் வந்த வரலாறு

1952-ஆம் ஆண்டிலே தென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்கேகனில் இளம்பிள்ளைவாத நோய் கொடிதாகப் பரவிற்று. மூச்சை இயக்கும் தசைகள் செயலிழந்து சிறுவர் பலர் மாண்டனர். அங்கே இபுசென் என்னும் மயக்கமருந்து வைத்தியர், கழுத்திலே சுவாசக் குழாயைத் திறந்து, அதனூடாக ஒரு பையைக் கையால் அமுக்கி நுரையீரலுட் காற்றைச் செலுத்தும் முறையை மேற்கொண்டார். மருத்துவ மாணாக்கர் நூற்றுக்கணக்கானோர் முறைவைத்து இரவும் பகலும் அப்பையை அமுக்கினர். அதற்கு முன்னர், மூச்சுத்தசை கெட்டவருட் பெரும்பாலோர் இறந்தனர். அதன் பின்னர்ப் பெரும்பாலோர் பிழைத்தனர். அம்மாணாக்கர் கையாற் செய்த தொழிலையே பின்பு யந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. இக்கருவி உயிர்களைக் காத்த பெருங்கருவி என்பதை முதற்கண் நன்றியோடு நினைத்தல் வேண்டும். அதனை இகழ்தல் நமது கருத்தன்று.

அடுத்த 1953-ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டுப் பிலதெல்பியா நகரில், கிப்பன் என்னும் சத்திர வைத்தியர், இதயத்தின் தொழிலையும் நுரையீரலின் தொழிலையும் உடலுக்குப் புறம்பே ஒரு யந்திரத்தாற் செய்வித்துக்கொண்டு, இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்து வெற்றி பெற்றார். இன்று இதய சத்திரசிகிச்சை பெறுவோர் பலருடைய இதயம் ஒரு நாழிகைக்கு மேலும் நிறுத்தப்பட்டுப் பின்னர் மீள இயக்கப்படுகின்றது. இதயம் நின்றிருந்த அக்காலத்திலே அவர் இறந்தவரோ? அல்லர். 1999-ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டில் பனிக்கட்டியின் கீழே நீரில் அகப்பட்ட பெண்மணி ஒருவர், உடல் வெப்பம் 13.7 பாகை அளவுக்குத் தாழ்ந்து, மூச்சும் நாடியும் இன்றி வைத்தியசாலைக்குக் கொணரப்பட்டார். பல மணி நேர முயற்சியால் உயிர் பிழைத்துப் பின் தம் தொழிலுக்கும் மீண்டார். ஆகவே, மூச்சும் நாடியும் இல்லாதவிடத்தும் உயிர் இருத்தல் கூடும்.

இதன் மறுதலையும் காணப்பட்டது. 1959-ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து வைத்தியராகிய மொலாரே, குலோன் என்னும் இருவர், சுவாச யந்திரத்திற் கிடந்த 23 நோயாளரைப்பற்றி எழுதினர். அவர்களுடைய இதயம் துடித்தது, உடல் வெதுவெதுப்பாயிருந்தது, ஆயின் மூளையின் தொழில் முற்றும் ஒழிந்திருந்தது. மயக்கத்திற்கும் அப்பாற்பட்ட நிலை என்று அவர்கள் அதனைக் குறித்தனர். 1967-ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரிற் பர்னாட் என்பவர் ஒருவருடைய இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். அடுத்த 1968-ஆம் ஆண்டிலே ஆர்வாட்டுப் பல்கலைக்கழகக் குழுவொன்று, மூளை மீளாவகை அழிந்த நிலையை மரணமெனக் கொள்ளலாமென்று அறிக்கை வெளியிட்டது. நம் இலங்கையிலே 1987-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்க மனித இழைய மாற்றீட்டுச் சட்டமும், பாரத தேசத்திலே 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் மூளைச்சாவை மரணமாக ஏற்றுக்கொண்டன.

வைத்தியர் சோதிக்கும் முறை

மூளைச்சாவு என்பது வைத்தியர் ஒருவர் பார்த்த மாத்திரத்திற் சொல்லும் சொல்லன்று. முதலாவதாக, மூளை கெட்டதற்குக் காரணம் இன்னதென்று தெளிவாக அறியப்படல் வேண்டும். மயக்க மருந்தோ, நஞ்சோ, உடற்குளிரோ, இரத்தத்திலுள்ள உப்பு முதலியவற்றின் வேறுபாடோ இப்பொய்த் தோற்றத்தை உண்டாக்கவில்லையென்று துணியப்படல் வேண்டும். அதன் பின்னர், கண்மணி ஒளிக்குச் சுருங்குகின்றதோ, விழியைத் தொட்டால் இமை மூடுகின்றதோ, காதிலே குளிர்நீர் விட்டால் விழி அசைகின்றதோ, தொண்டையிற் குழாய் தொட்டால் இருமல் எழுகின்றதோ, முகத்தில் நோவுண்டாக்கினால் முகம் சுளிக்கின்றதோ என ஒவ்வொன்றாகப் பார்ப்பர். ஈற்றிலே, பிராணவாயுவை வேண்டுமளவு கொடுத்துக்கொண்டே, யந்திரத்தின் மூச்சை நிறுத்தி, எட்டு முதற் பத்து நிமிடம் வரையிற் பார்ப்பர். அப்பொழுது இரத்தத்திலே கரியமிலவாயு பெருகும். மூளைத்தண்டில் ஒரு சிறிதாவது உயிர்ப்பு இருந்தால் அப்பெருக்கம் மூச்சை எழுப்பியே தீரும். எழாதாயின், தாமே மூச்சுவிடும் ஆற்றல் ஒழிந்ததென்று அறிவர்.

பாரத தேசத்துச் சட்டம் இதனை நால்வர் கொண்ட வைத்தியர் குழுவிடம் ஒப்புவித்து, ஆறு மணி நேரமேனும் இடைவிட்டு இருமுறை சோதிக்கும்படி விதித்திருக்கின்றது; உறுப்பை எடுத்தற்குரிய வைத்தியர் அக்குழுவில் இடம்பெறலாகாதென்றும் விலக்கியிருக்கின்றது. மரணத்தைத் துணிவோனும் அம்மரணத்தாற் பயன் கொள்வோனும் ஒருவனாகலாகாது என்பது இவ்விலக்கின் கருத்து.

இவையெல்லாம் முடிந்தபின்னும் இதயம் துடிப்பது எங்ஙனமெனின், கூறுதும். இதயத்திலே துடிப்பை எழுப்பும் நிலையம் இதயத்தினுள்ளேயே அமைந்திருக்கின்றது. பிராணவாயு கிடைக்குமளவும் அது மூளையின் ஏவலின்றியே சிலகாலம் துடிக்கும். முள்ளந்தண்டின் தொழிலாற் கையோ விரலோ ஒருகால் அசைதலும் உண்டு. பக்கத்தில் நிற்கும் மக்கள் அதனைக் கண்டு, "அம்மா கையை அசைத்தார்" என்று நெஞ்சு துடிப்பர். அவர்கள் கண்டது பொய்யன்று. அதிலிருந்து கருதிக்கொண்டதே பிழை. இதனை வைத்தியர் முன்னரே பொறுமையாக எடுத்துச் சொல்லல் வேண்டும். சொல்லாதவிடத்து மக்கள் கேட்டல் வேண்டும்.

சாத்திரம் கூறுவது

இனி, நமது சாத்திரம் இதற்கு யாது கூறுகின்றதென நோக்குவாம். மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்திலே, உடலின் வேறாய் ஆன்மா உண்டென்பதைப் பல ஏதுக்களால் நிறுவுகின்றார். உடலை மாயையினின்றும் ஆக்கப்பட்ட ஒரு யந்திரமாகவே அங்கு வைத்துப் பேசுகின்றார். அவ்வேதுக்களுள் ஒன்று பிராணவாயுவே ஆன்மா என்பாரை மறுத்தற்கு எழுந்தது. உறங்குகின்ற ஒருவனிடத்தே மூச்சு குறைவின்றி ஓடுகின்றது. ஆயினும் அப்பொழுது நுகர்ச்சியும் இல்லை, தொழிலும் இல்லை. பிராணவாயுவே ஆன்மாவாயின், அது இயங்கும்போதெல்லாம் அறிவும் நுகர்ச்சியும் நிகழ்தல் வேண்டுமன்றோ? நிகழாமையின் மூச்சு வேறு, உயிர் வேறு என்பது அவர் முடிபு. யந்திரங்கள் தோன்றுதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்முடிபு நமக்கு அருளப்பட்டிருக்கின்றது. மூச்சே உயிர் என்று கட்டிலின் பக்கத்தில் நின்று கலங்குவோன், அறியாமலே மெய்கண்டார் மறுத்த பக்கத்திலே நிற்கின்றான் என்க.

ஆன்மா அடையும் அவத்தைகள் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து. சாக்கிரத்திலே கருவிகள் முப்பத்தைந்து தொழில் செய்யும்; சொப்பனத்தில் இருபத்தைந்து; சுழுத்தியில் மூன்று; துரியத்திலே பிராணனும் புருடனும் ஆகிய இரண்டு; துரியாதீதத்திலே புருடன் மாத்திரமே நிற்கும். ஆகவே, கருவிகள் ஒவ்வொன்றாக அடங்குதலும், அடங்கியும் ஆன்மா உடலை விடாதிருத்தலும் சாத்திரம் அறிந்தவையே. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிலே இதற்கோர் உவமை கூறுகின்றார். பவனி போய் மீண்ட அரசன், தன் பரிவாரத்தை வாயில்கள்தோறும் நிறுத்திக் காவலிட்டு, ஈற்றில் தான் ஒருவனாய் அந்தப்புரத்தினுட் புகுவான்; அவ்வாறே ஆன்மாவும் பிராணனை உடற்குக் காவலாக வைத்து உள்ளே ஒடுங்கும் என்பது அவ்வுவமையின் பொருள்.

இவ்வுவமையை நமது காலத்திற்குப் பொருத்திப் பார்க்குக. அரசன் வைத்த காவலன் வாயிலிலே உலாவுவானாயின், அரசன் உள்ளே உறங்குகின்றான் என்று துணியலாம். ஆனால், அரசன் மாளிகையை விட்டு நீங்கினான். அவன் காவலனும் உடன் நீங்கினான். பின்னர் யாரோ கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து அவ்வாயிலில் உலாவ விட்டனர் எனின், அவ்வாளின் காலடியோசை அரசன் உளன் என்பதற்குச் சான்றாகுமோ? ஆகாது. வைத்தியர் யந்திரத்தைச் சிறிதுபொழுது நிறுத்திப் பார்க்கும் சோதனை, கூலியாளைச் சற்றே விலக்கி, அரசன் வைத்த காவலன் உளனோ என்று பார்க்கும் சோதனையே.

திருமூல நாயனார் புராணமும் இதனையே வேறொரு வகையாற் கற்பிக்கின்றது. சாத்தனூரிலே மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, பசுக்கள் சூழ்ந்து கதறின. அவற்றின் துயரைத் தீர்க்கக் கருதிய சிவயோகியார் அவ்வுடலினுட் புகுந்தனர். உடல் எழுந்தது, மூச்சு இயங்கிற்று, பசுக்கள் மகிழ்ந்தன. மூலனுடைய மனைவியோ தன் கணவனென்று எண்ணி அணுகினாள். அவர் தமக்கும் அவளுக்கும் உறவில்லை என்று விலகினார். உடலும் மூச்சும் இருந்தன. ஆனால், மூலன் இல்லை.

மூவகை நிலை

ஈண்டு ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. மயக்கத்திற் கிடப்பாரெல்லாம் இறந்தாரல்லர். மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மேலே கூறிய மூளைச்சாவு. இது மரணமே. பெயரிலே மூளை என்னும் அடை சேர்ந்திருத்தலைக் கொண்டு, இதனை அரை மரணமென எண்ணற்க.

இரண்டாவது, அறிவு தோன்றாது, ஆனால் மூளைத்தண்டு உயிர்ப்போடு கிடக்கும் நிலை. மும்பை நகரத்துக் கே.ஈ.எம். வைத்தியசாலையிலே தாதியாயிருந்த அருணா சான்பாக் என்பார், 1973-ஆம் ஆண்டிலே கொடியோன் ஒருவனாற் கழுத்து நெரிக்கப்பட்டு, மூளை கெட்டு, 2015-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் இறக்குமளவும் ஏறக்குறைய 42 ஆண்டுகள் அவ்வைத்தியசாலையிலேயே கிடந்தார். அவர் தாமே மூச்சு விட்டார். அவருக்கு உணவு கொடுத்தலை நிறுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றத்தில் விண்ணப்பித்தபோது, நீதிமன்றம் அனுப்பிய வைத்தியர் மூவர், அவர் மூளைச்சாவடைந்தவர் அல்லர் என்று அறிவித்தனர். அவரைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த தாதியர் அவர் வாழவேண்டுமென்றே நின்றனர். 2011-ஆம் ஆண்டிலே அவ்விண்ணப்பம் தள்ளப்பட்டது. இத்தகையோரிடத்தே அரசன் அந்தப்புரத்தில் உளன். 2006-ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தேசத்திலே ஓவன் என்னும் ஆராய்ச்சியாளர், அறிவற்றவர் என எண்ணப்பட்ட பெண்ணொருவரை நோக்கிப் பந்தாடுவதாகவும் தம் வீட்டினுள் நடப்பதாகவும் எண்ணிக்கொள்ளும்படி சொல்லி, மூளையைப் படம்பிடிக்கும் கருவியாற் பார்த்தபோது, நலமுள்ளோர் மூளையிற்போலவே மாறுதல் தோன்றிற்று. கதவு திறவாமை கொண்டு உள்ளே ஆளில்லை என்று துணிதல் எத்துணைப் பிழை என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது, இறவாத ஆனால் இறந்துகொண்டிருக்கும் நிலை. முதிர்ந்த நோயால் உறுப்புக்கள் ஒவ்வொன்றாகத் தளர, யந்திரமும் மருந்தும் சாவை நீட்டுமேயன்றி வாழ்வை மீட்கமாட்டா என்று வைத்தியர் கருதும் நிலை இது. பாரத தேசத்து உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டிலே, ஒருவர் தெளிந்த அறிவோடிருக்கும் காலத்தில் இத்தகைய சிகிச்சை தமக்கு வேண்டாமென முன்னரே எழுதிவைத்தலை ஏற்றுக்கொண்டது. நஞ்சூட்டி உயிர்போக்குதல் கொலை. பயனில்லாச் சிகிச்சையை விடுதல் அக்கொலையன்று என்பது நம் துணிபு. ஆயினும் எது பயனில்லாதது என்பதைப் பொருளாசையும் சலிப்பும் கலவாமல், வைத்தியர் சொல்லையும் நோயாளர் முன்பு சொன்ன விருப்பத்தையும் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஆசங்கையும் சமாதானமும்

ஆசங்கை: மூளை அழிந்தால் மரணம் என்பீராயின், மூளையே ஆன்மா என்றதாகாதோ? அது உலோகாயதமன்றோ?

சமாதானம்: ஆகாது. ஆன்மா கருவிகளைக்கொண்டே அறியும் என்பது நம் சித்தாந்தம். மூளை அக்கருவிகள் தங்கும் இடமாம். ஆன்மா இவ்வுடலைப் பற்றிநின்ற பிடி முழுதும் மீளாவகை அழிந்தமை கண்டு, ஆன்மா நீங்கிற்றென அனுமானிக்கின்றோம். நீங்கியது மூளையன்று, மூளையழிவு நீங்கினமைக்குக் குறி மாத்திரமே.

ஆசங்கை: ஒருவருடைய ஆயுளும் நோயும் சாக்காடும் கருவிலேயே வகுக்கப்பட்டன என்பர். யந்திரத்தை நிறுத்துதல் பிராரத்தத்தை இடையில் அறுப்பதாகாதோ?

சமாதானம்: பிராரத்தம் என்பது நுகர்ச்சியால் ஒழிவது. நுகர்வோன் நீங்கிய உடலிலே நுகர்ச்சி இல்லை. நுகர்ச்சி இல்லாதவிடத்துப் பிராரத்தமும் இல்லை. இரண்டாம் நிலையிற் கிடப்பாருக்கோ நுகர்வோன் உளனாதலின், அவரைப் பேணுதல் கடன்.

ஆசங்கை: அப்பூதியடிகளின் புதல்வரைத் திருநாவுக்கரசு நாயனார் எழுப்பினார். நாமும் திருவருளை நம்பி யந்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கலாகாதோ?

சமாதானம்: திருவருளை நம்புதல் நன்று, ஆயின் திருவருள் யந்திரத்தின் துணையை வேண்டி நிற்பதன்று. திருஞானசம்பந்த நாயனார் திருமயிலையிலே பூம்பாவையை எழுப்பியது எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தினின்றன்றோ? காத்திருக்கும் அக்கட்டில் பிழைக்கக்கூடிய வேறொருவருக்கு வேண்டியதாயிருத்தலும் கூடும்.

ஆசங்கை: உறுப்பை எடுத்துக் கொடுத்தால், குறைபட்ட உடலுக்கு அபரக்கிரியை ஆகுமோ? மறுமையிலே அவ்வுறுப்பு இன்றிப் போகாரோ?

சமாதானம்: மறுமைக்குச் செல்லும் உயிர் கொள்வது பூதசார சரீரமும் யாதனா சரீரமுமேயன்றி, நாம் நெருப்பிலிடும் இத்தூல சரீரமன்று. தூல சரீரம் முழுதும் சாம்பலாகின்றபோது அதன் ஓர் உறுப்பு மற்றோர் உயிருக்கு உதவிற்றாயின் குறை யாது? கண்ணப்ப நாயனார் தம் கண்ணைத் தாமே இடந்து அப்பினார். பெருமான் அவரைக் குறையுடையாரென்று தள்ளினாரல்லர், தம் வலப்பாகத்தே நிற்கப் பணித்தார். அவர் இறைவனுக்குக் கொடுத்தார், நாம் மனிதருக்குக் கொடுக்கின்றோம் எனின், நடமாடும் கோயிலாகிய அடியாருக்குக் கொடுத்தது இறைவனுக்கும் ஆகும் என்பது நம் சமயத்துணிபு.

2008-ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே, வேதகிரீசுவரப் பெருமான் எழுந்தருளிய திருக்கழுக்குன்றத்தில் வாழ்ந்த வைத்தியத் தம்பதிகளின் புதல்வர், இதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவர், வீதி விபத்தில் மூளைச்சாவடைந்தார். பிறர் மரணத்தைச் சொல்லிப் பழகிய தாயும் தந்தையும் தம் மகனுடைய மரணத்தைத் தாமே ஏற்று, அவருடைய உறுப்புக்களைக் கொடுத்தனர். சென்னை நகரத்து நெருக்கமான வீதிகளைக் காவற்படையினர் ஒழித்துக் கொடுக்க, இதயம் சில நிமிடங்களில் வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டுச் சிறுமியொருத்திக்குப் பொருத்தப்பட்டது. அது தமிழ்நாடு முழுவதையும் நெகிழச் செய்தது. அவ்வாண்டிலேயே உறுப்புக்கொடைக்கு அரசாங்க ஒழுங்கும் அமைந்தது. உறுப்புக் கொடுத்தவருடைய ஈமக்கிரியை அரச மரியாதையோடு நடைபெறும் என்று 2023-ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது.

நம் இலங்கையிலே கண் தானத்தைப் பரவச்செய்தவர் ஹட்சன் சில்வா என்னும் வைத்தியர். அவர் 1961-ஆம் ஆண்டிலே நிறுவிய கண்தானச் சங்கம் பல தேசங்களுக்கும் கண்களை அனுப்பி வருகின்றது. பௌத்த சகோதரர் தம் சாதகக் கதையிற் கண்ணீந்த சிவி மன்னனை நினைந்து இதனைச் செய்கின்றனர். கண்ணப்பரை வணங்கும் நாம் பின்னிற்றல் அழகன்று. இரத்மலானையிலே விழிப்புலன் இழந்த பிள்ளைகள் கல்வி பயிலும் பாடசாலையைக் கடந்து போகும்போதெல்லாம் பார்வையின் அருமை நம் நெஞ்சில் உறைக்கும். எல்லாக் குருடும் இத்தானத்தால் நீங்குவதன்று. விழியின் முன்னுள்ள தெளிந்த படலம் மங்கினோர்க்கே இது பயன்படும். இதயம் நின்று சில மணி நேரத்தினுள்ளே அப்படலத்தை எடுக்கலாமாதலின், இதற்கு யந்திரத்தைப்பற்றிய ஐயமும் இல்லை. ஆயின், தானம் என்பது மனமுவந்து கொடுப்பது. துயரில் நிற்பாரை நெருக்கி வாங்குதல் தானமாகாது. கொடுக்க மனம் இசையாதாரைப் பழித்தலும் தகாது.

ஆசங்கை: மூளைச்சாவு ஒரு நாளிலும், இதயம் நிற்பது மற்றொரு நாளிலும் ஆயின், சிராத்தத்திற்கு எத்திதியைக் கொள்வது?

சமாதானம்: திதி உயிர் நீங்கினமையைப் பற்றியது. வைத்தியர் சோதனை முடித்து மரணமென்று உறுதிசெய்த வேளையின் திதியைக் கொள்ளலாமென்பது எமது துணிபு. உடற்கிரியைகளோ உடல் குடும்பத்தார் கையில் ஒப்புவிக்கப்பட்டபின் நிகழற்பாலன. குடும்பத்துக் குருக்களையும் உசாவி ஒன்றைத் துணிந்து, ஆண்டுதோறும் அதனையே வழுவாது கொள்க.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. யந்திரம் மூச்சை இயக்கும், உயிரைப் பிடித்துவைக்கமாட்டாது. மூச்சு இருப்பதனால் உயிர் உண்டென்று துணிதலும், அறிவு தோன்றாமையால் உயிர் இல்லையென்று துணிதலும் இரண்டும் பிழை. ஆதலால், பக்கத்தில் நிற்கும் மக்கள் வைத்தியரை நோக்கி, "இவர் மேற்கூறிய மூன்று நிலைகளுள் எந்நிலையில் இருக்கின்றார்? சோதனை எத்தனை முறை செய்யப்பட்டது? செய்தோர் யாவர்?" என்று வினவுதல் வேண்டும். அது அவமதிப்பன்று, அவர்களுடைய உரிமையும் கடமையுமாம். மூத்தோரும் தம் விருப்பத்தை நலமாயிருக்கும் காலத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லி வைத்தல் வேண்டும். சாவைப்பற்றி வீட்டிலே பேசுதல் அமங்கலம் என்று ஒதுக்குவதனால், பேசவேண்டிய வேளையிலே பிள்ளைகள் வாயடைத்து நிற்கின்றனர்.

இனி, அவ்வன்பருடைய வினாவிற்கு வருவாம். சிவபுராணம் ஓதலாமோ எனின், எந்நிலையினும் ஓதலாம் என்பதே விடை. அது போகச் சொல்லும் பாட்டன்று. இறைவன் திருவடியை வாழ்த்தும் பாட்டு. நாடோறும் காலையிலே ஓதுவோர் எவரையும் அது போகச் செய்ததில்லை. தாயார் உள்ளே உளராயின், மகனுடைய குரலும் பெருமானுடைய நாமமும் அந்தப்புரத்தின் கதவைச் சென்று தட்டும். அவர் நீங்கினாராயின், அது வழித்துணையாகும். ஓதுவோன் நெஞ்சிற்கோ இரண்டினும் அது ஊன்றுகோல்.

அவ்வன்பர் பின்பு எமக்குச் சொன்னதை ஈண்டுக் குறித்தல் தகும். வைத்தியர் இரண்டாம் முறையும் சோதித்து மரணம் என்று சொன்ன அன்று மாலை, அவர் தம் சகோதரியரோடு கட்டிலருகே நின்று மெல்லிய குரலிலே சிவபுராணத்தை முற்ற ஓதினாராம். தாதியொருவர் யந்திரத்தின் மணியோசையைத் தணித்து, ஓதி முடியுமளவும் கைகட்டி நின்றாராம். "அம்மாவைப் போ என்று நான் சொல்லவில்லை, போனவருக்கு விடைகொடுத்தேன்" என்றார் அவர்.

இரத்மலானைத் திருநந்தீச்சரத்திலே எழுந்தருளிய பெருமான், அக்கட்டில்களின் பக்கத்திலே நிற்பார் யாவருக்கும் தெளிந்த அறிவும் திடமும் அருள்க.

திருச்சிற்றம்பலம்